கடைக்கால் தோண்டியபோது கிடைத்த சிவப்புக் கல்: வீட்டுக்குப் போடலாமா?

கேப்பர்மலைக்காரன்
திங்கள், காலை 7.12

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் கேப்பர் மலைச் சரிவில் எங்களுக்கு ஐந்தரை சென்ட் இடம். போன வாரம் கடைக்கால் தோண்ட ஆரம்பித்தோம். மூன்றடி வரை செம்மண். அதற்குக் கீழே ஜேசிபியின் பல் கரகரவென்று உரசியது. இரண்டடி கனத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் ஊதாவும் கலந்த கல். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்து, இப்போது இடத்தின் ஓரத்தில் இரண்டு லோடு அளவுக்குக் குவிந்து கிடக்கிறது.

மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். "நம் இடத்திலேயே கல் விளைந்திருக்கும்போது திருவக்கரையிலிருந்து எதற்குத் தம்பி கருங்கல் இறக்க வேண்டும்? இதையே கடைக்காலுக்கு அடுக்கிவிடலாம்" என்கிறார். வரைபடம் போட்ட பொறியாளரோ ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது என்கிறார். ஏன் என்று கேட்டால், "அது படிவுப் பாறை" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மணலோ களியோ படிந்து இறுகியதுதானே படிவுப் பாறை? அது கெட்ட பாறையா? தில்லிச் செங்கோட்டையும் சிவப்பு மணற்கல்தானே? அது நிற்கவில்லையா?

இன்னொன்று. வீட்டில் சமையல் மேடைக்குக் கடப்பா கல் போதும் என்கிறார்கள். அதுவும் படிவுப் பாறை என்று எங்கோ படித்த நினைவு. அதையும் வேண்டாம் என்று சொல்வாரோ?

கெடிலக்கரை
திங்கள், காலை 7.40

போடாதீர்கள். உங்கள் பொறியாளர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், விளக்கத்தான் நேரமில்லை போலிருக்கிறது. இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன். அந்தக் கல்லை ஒரு மழைக்காலம் வெளியில் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

முந்திரித்தோப்பு
திங்கள், காலை 9.05

கெடிலக்கரை சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோப்பில் தாத்தா வெட்டிய கிணறு இருக்கிறது. முழுக்க இதே சிவப்புக் கல்தான். உள்ளே சுவர் எழுப்பவில்லை, உறை இறக்கவில்லை. கடப்பாரை போட்ட தடம் இன்றைக்கும் அப்படியே தெரிகிறது. அறுபது ஆண்டு மழையைப் பார்த்துவிட்டது. தானே புயலின்போது தோப்பில் பாதி மரம் வேரோடு விழுந்தது, கிணற்றில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அப்படிப்பட்ட கல் கடைக்காலில் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?

பாறைவாத்தியார்
திங்கள், பிற்பகல் 3.20

நல்ல கேள்விகள். முப்பது ஆண்டு நிலவியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேப்பர்மலைக்காரன் தம்பி தோண்டி எடுத்தது ஒன்றும் ஊர்பேர் தெரியாத கல் இல்லை. அதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்: கடலூர் மணற்கல். புதுச்சேரிக்கு மேற்கே உள்ள செம்மண் மேடுகள், கேப்பர் மலை, பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று நீளமாகக் கிடக்கிறது. முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் இந்தக் கல் உதிர்ந்து வந்ததுதான்.

வகுப்பில் மணற்கல்லுக்கு வரும்போது கடலைமிட்டாயைக் காட்டித்தான் தொடங்குவேன். கடலை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பாகு பதம் கூடி வந்திருந்தால் பல்லை உடைக்கும். பதம் தவறியிருந்தால் கையில் பிசுபிசுக்கும். மணற்கல்லிலும் மணல் பெரும்பாலும் குவார்ட்சு மணல்தான், ஆற்றில் பார்க்கிற அதே மணல். அதை ஒட்டவைத்த பாகு எது என்பதில்தான் கல்லின் தலையெழுத்து இருக்கிறது. சிலிக்கா (குவார்ட்சின் அதே பொருள்) பாகானால் இரும்பு போல் நிற்கும். இரும்பு ஆக்சைடு ஆனால் நிறம் சிவக்கும், பிடிப்பு பரவாயில்லை. சுண்ணாம்பு ஆனால் அமிலம் பட்டால் கரையும். களிமண் ஆனால் காய்ந்திருக்கும்வரை கல், நனைந்தால் சேறு. கடலூர் மணற்கல்லில் இரும்பும் களிமண்ணும் கலந்திருக்கின்றன, அதுவும் அடிக்கு அடி வேறு விகிதத்தில்.

செங்கோட்டையின் கல் விந்தியப் பாறை வகை. அறுபது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது, மேலே பெரும் சுமை ஏறி அழுந்திக் கிடந்தது. நம் கல்லுக்கு வயது இரண்டு கோடிக்கு முன்பின்தான். ஆழத்தில் புதைந்து அழுந்தியதே இல்லை. இரண்டுக்கும் பெயர் சிவப்பு மணற்கல் என்றாலும், பாட்டனையும் தொட்டில் குழந்தையையும் ஒரே மூட்டையைத் தூக்கச் சொல்ல முடியுமா?

முந்திரித்தோப்பு ஐயாவின் கிணறு உண்மை, நானே அப்படிப் பல கிணறுகள் பார்த்திருக்கிறேன். அங்கே கல் தன் இடத்திலேயே இருக்கிறது. நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்கிறது, ஈரமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை. அதையே பெயர்த்து, அடிபட்ட துண்டாக, மழைக்கு நனைந்து வெயிலுக்குக் காயும் இடத்தில் வைத்து, மேலே வீட்டையும் ஏற்றினால் வேறு கதை.

பல்லவர்களிடமும் கேட்டுக்கொள்ளலாம். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. மேலே முழுக்க மணற்கல், செதுக்க வெண்ணெய் மாதிரி. ஆனால் அடித்தளத்துக்குக் கருங்கல் வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கும் சிங்கங்களின் முகம் பல இடங்களில் கரைந்துவிட்டது. அடித்தளம் கரையவில்லை.

கேப்பர்மலைக்காரன்
திங்கள், மாலை 6.02

ஐயா, கடலைமிட்டாய் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் குவியலில் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இல்லை. சில துண்டுகள் கருஞ்சிவப்பாக, தட்டினால் ணங் என்கின்றன. சில வெளிறிப்போய், நகத்தால் கீறினால் பொடி கொட்டுகிறது. நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாமா? சோதிக்க வழி உண்டா?

பாறைவாத்தியார்
திங்கள், மாலை 6.31

ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்தி எடை போடுவார்கள். நீங்கள் இப்படிச் செய்யுங்கள். குவியலின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுங்கள். மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எடுத்து, ஈரத்துணியால் மேலே மட்டும் ஒற்றிவிட்டு மறுபடியும் எடை போடுங்கள். கூடிய எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் எத்தனை சதவீதம் தண்ணீர் குடிக்கிறது என்று வந்துவிடும். சாதாரணச் செங்கல்லுக்கே 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கட்டடக் கல் அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும்.

எண்ணைவிட முக்கியம், வாளியின் அடியில் என்ன தங்குகிறது என்பது. அதையும் பாருங்கள்.

வில்லியனூர்_வீடு
திங்கள், இரவு 8.47

தம்பியின் இரண்டாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சமையலறையில் நிற்கிறவள் நான்தான், நானே சொல்கிறேன்.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல். கருப்பாக வழவழவென்று இருப்பதால் கிரானைட்டின் தம்பி என்று நினைத்துத்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடைக்குப் போட்டோம். முதல் மாதம் கண்ணாடி. ஒரு நாள் எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டு அறுத்த மூடிகளை அப்படியே மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் துடைத்தால் ஒவ்வொரு மூடியும் வட்டமாகத் தன் முத்திரையைக் குத்தியிருக்கிறது. வெளிறிய வட்டங்கள், கையால் தடவினால் சொரசொரப்பு. புளிக்கரைசல், மோர், தக்காளி என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இப்போது மேடை ஊர் வரைபடம் மாதிரி இருக்கிறது. கழிவறை கழுவும் அமிலத்தை ஒருமுறை வேலைக்காரம்மா தெரியாமல் ஊற்றியபோது நுரைத்துப் பொங்கியதையும் பார்த்தேன்.

அதே கல்லில் போட்ட அலமாரித் தட்டு, பரண், மாடிப்படி எல்லாம் இன்றும் நன்றாக இருக்கின்றன. ஆகவே தட்டுக்குக் கடப்பா, மேடைக்குக் கிரானைட். இதில் பேரம் பேசாதீர்கள்.

பாறைவாத்தியார்
திங்கள், இரவு 9.10

வில்லியனூர் அம்மா சொன்னதற்குமேல் பாடப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. கடப்பா, கோட்டா, ஷாகாபாத் மூன்றும் சுண்ணாம்புக்கல்தான். கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்ததால்தான் அப்பளம் மாதிரிப் பலகையாகப் பிளந்து வருகின்றன. மலிவுக்கு அதுவே காரணம். கடையில் வாங்கும்போது காசால் தட்டிப் பாருங்கள். ணங் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். டொக் என்றால் உள்ளே விரிசல்.

பரணுக்குப் போடும்போது நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாக விடாதீர்கள். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது, முன்னறிவிப்பும் கொடுக்காது. அடுக்குள்ள எந்தக் கல்லையும் சுவரில் வைத்தால், பூமியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி உரிந்து வரும்.

கிளிஞ்சல்சுண்ணாம்பு
செவ்வாய், காலை 6.15

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில், அப்பாவின் தொழிலும் அதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய தெருக்களில் நடந்து பாருங்கள். தூண், வளைவு, கைப்பிடிச்சுவர் எல்லாம் கல் மாதிரித் தெரியும். பூச்சைக் கொத்தினால் உள்ளே செங்கல். பக்கத்தில் நல்ல கட்டடக் கல் கிடைத்திருந்தால் இப்படிக் கட்டியிருப்பார்களா? தம்பியின் குவியலில் கிடக்கிற கல்தான் ஊருக்கு மேற்கே மேடு மேடாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் செங்கல் சூளைக்குப் போயிருப்பார்கள் என்பது என் கணக்கு.

ஆனால் படிவு இல்லாமல் அந்தத் தெருக்கள் இல்லை. செங்கல் ஆற்றுக் களிமண். சுண்ணாம்பு கடல் கிளிஞ்சல், இன்னும் பாறையாகாத சுண்ணாம்புக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோ சுத்தச் சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ காற்றாகப் போய் 56 கிலோ நீறாத சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்து அரைத்துப் பூசினால், போன காற்றை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டு சுவரிலேயே மறுபடி கல்லாகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைப்போம். அந்த வாசனைக்கே ஈ மொய்க்கும்.

அந்தச் சுவர் மூச்சு விடும். உள்ளே ஏறிய ஈரம் வெளியே போகும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வழியை அடைத்த மாதிரி. உப்பு உள்ளேயே தங்கி, படிகமாகப் பெருத்து, செங்கல்லைப் பொடிக்கும். நான் கொத்தும் சுவர்களில் பாதி இப்படிச் செத்தவைதான். ஆகவே கேப்பர்மலைக்காரன் தம்பி, முழு வீட்டையும் சுண்ணாம்பில் கட்டுங்கள்.

கெடிலக்கரை
செவ்வாய், காலை 8.22

ஐயா, பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் மாடி வைத்துக் காங்கிரீட் தூணில் எழுப்பும் வீட்டுக்குச் சுண்ணாம்பு என்றால், அரைக்க ஆள் எங்கே, இறுகக் காத்திருக்க நாள் எங்கே? சுண்ணாம்பில் கட்டினாலும் கூரையில் தண்ணீர் நின்றால் ஒன்றும் நிற்காது. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி மேரி கட்டடம், பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், சரிந்ததை எல்லோரும் பார்த்தோம்.

சிமென்ட்டை வேற்று நாட்டான் மாதிரிப் பேசுகிறீர்கள். அதுவும் அதே சுண்ணாம்புக்கல்தான். அரியலூரில் தோண்டுகிறார்களே, டைனோசர் காலத்துக் கடலின் அடித்தளம். அதைக் களிமண்ணோடு அரைத்து 1450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர் என்ற கெட்டி உருண்டைகள். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். ஜிப்சம் இல்லாவிட்டால் கலவை சட்டியிலேயே இறுகிவிடும். கல், களி, ஜிப்சம் மூன்றும் படிவுதான்.

கிளிஞ்சல்சுண்ணாம்பு
செவ்வாய், காலை 8.50

மேரி கட்டடம் பராமரிப்பில்லாமல் விழுந்தது. சுண்ணாம்பு மேல் பழி போடாதீர்கள். பிறந்தது 1870களில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் காங்கிரீட் நூற்றைம்பதாவது பிறந்தநாள் கொண்டாடட்டும், நான் வந்து மாலை போடுகிறேன்.

நெய்வேலி_நகரியம்
செவ்வாய், காலை 10.30

சண்டை போடும் இரண்டு ஐயாக்களுக்கும் நடுவில் ஒரு தகவல். கடலூர் மணற்கல் சுவருக்கு உதவாது என்கிறீர்கள். மணலுக்கு நடுவே தண்ணீர் புகும் எந்தத் துளையால் உதவவில்லையோ அந்தத் துளைதான் நமக்குக் குடிதண்ணீர் கொடுக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே உள்ள மணலில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது. சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடக் கூடாதென்று இராப்பகலாக இறைக்கிறார்கள்.

அந்தப் பழுப்பு நிலக்கரியும் படிவுதான், மரஞ்செடி மட்கிப் படிந்தது. எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல் செங்கல்லாகிறது, சிமென்ட்டில் கலக்கிறது. பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசலானா சிமென்ட்) என்று மூட்டையில் எழுதியிருக்குமே, அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க அனுமதி உண்டு.

வில்லியனூர்_வீடு
செவ்வாய், பிற்பகல் 1.15

ஒரு சந்தேகம். கேரளத்தில் என் சம்பந்தி வீடு முழுக்கச் சிவப்புக் கல்தான். வெட்டுக்கல் என்கிறார்கள். பூச்சுகூடக் கிடையாது. அங்கே கொட்டாத மழையா? அதுவும் தம்பியின் கல்லும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கும்?

பாறைவாத்தியார்
செவ்வாய், பிற்பகல் 2.40

பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மேஸ்திரிகள் ஏமாறுவதும் இங்கேதான். வெட்டுக்கல் என்பது செம்புறைக்கல், லேட்டரைட். புக்கானன் என்பவர் மலப்புறம் பக்கம் அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்துவிட்டு, 1807-இல் வெளிவந்த தன் நூலில் செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். அது எங்கிருந்தோ அடித்து வந்து படிந்த கல் இல்லை. இருந்த பாறையே மழையில் கழுவிக் கழுவி மற்றதெல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நின்றது. பூமிக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் இறுகும். நம் கல் நேர்மாறு. உள்ளே இருக்கும்வரை கெட்டி, வெளியே வந்தால் உதிரும்.

குழப்பம் என்னவென்றால், கடலூர் மணற்கல்லின் மேல்தோலும் சில இடங்களில் செம்புறையாக மாறியிருக்கிறது. தம்பி சொன்ன ணங் துண்டுகள் அந்தத் தோலாக இருக்கலாம்.

முந்திரித்தோப்பு
செவ்வாய், இரவு 7.30

வாத்தியார் ஐயா, இன்னொன்றும் கேட்கிறேன். தோப்பில் துணி துவைக்க ஒரு கல் போட்டிருக்கிறோம். அப்பா காலத்தில் நிலத்தில் கிடைத்தது. பழுப்பாக, முழங்கால் உயரத்துக்கு உருளையாக இருக்கும். மேலே மரத்தின் வளையம் மாதிரிக் கோடுகள் உண்டு. அரிவாள் தீட்டினால் அரிவாள்தான் தேய்கிறது. இதுவும் இந்தச் சிவப்புக் கல்லில்தான் கிடைத்தது. இதற்கு மட்டும் எப்படி இத்தனை கெட்டி?

பாறைவாத்தியார்
செவ்வாய், இரவு 7.52

ஐயா, நீங்கள் துணி துவைப்பது மரத்தின்மேல்! கல்லாய் மாறிய மரம். திருவக்கரையில் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் பூங்காவே இருக்கிறது. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் எழுதிவைத்தார். 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அமைத்த பூங்கா அது. வெள்ளத்தில் அடித்து வந்த மரங்கள் மணலில் புதைந்து, தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. கடலைமிட்டாய்க் கணக்கைப் பாருங்கள்: சுற்றியுள்ள மணலுக்குக் களிப் பாகு, மரத்துக்குள் மட்டும் சிலிக்கா பாகு. ஒரே குழியில் ஒன்று சேறாகிறது, ஒன்று அரிவாளைத் தேய்க்கிறது.

துவைப்பதை நிறுத்திவிட்டு ஓரமாக நிழலில் வையுங்கள். விற்கக் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். பூங்காவிலிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதையும் இந்தச் சாக்கில் எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன்.

முந்திரித்தோப்பு
செவ்வாய், இரவு 8.01

ஐம்பது ஆண்டாக அதன்மேல் சவுக்காரம் தேய்த்திருக்கிறோம். நாளைக் காலை முதல் வேலையாகக் கழுவி விளக்கேற்றச் சொல்லிவிட்டார் அம்மா.

கேப்பர்மலைக்காரன்
சனி, மாலை 5.45

எல்லோருக்கும் மன்னிப்பு, வெயிலுக்காகக் காத்திருந்ததில் நாளாகிவிட்டது. முடிவுகள் இதோ.

மூன்று துண்டு எடுத்தேன். முக்குக் காய்கறிக் கடைத் தராசில்தான் எடை. கருஞ்சிவப்புத் துண்டு காய்ந்தபோது 1,310 கிராம், ஒரு நாள் ஊறிய பிறகு 1,395. ஆறரை சதவீதம் குடித்திருக்கிறது. முனை மழுங்கவில்லை. நடுவிலிருந்து எடுத்த மஞ்சள் துண்டு இரவு பத்து மணிக்குப் பார்த்தபோதே ஓரங்கள் இளகித் தண்ணீர் தேநீர் நிறமாகியிருந்தது. காலையில் தூக்கினேன், பாதி கையில் வந்தது, பாதி வாளியில் நின்றது. அடியில் கிடந்த வெளிறிய துண்டை எடை போடவே முடியவில்லை. வாளியைச் சாய்த்தால் கூழ். அடியில் நான்கைந்து கூழாங்கல்லும் வெள்ளை மணலும்தான் மிச்சம்.

வாளியை அப்படியே மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். ஒன்றும் பேசவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கைவிட்டார். கூழை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைக்காலுக்கு ஆகாது தம்பி" என்றார். பிறகு, "ஆனால் மண் அருமையான மண். மணலும் களியும் அளந்து போட்ட மாதிரி இருக்கிறது. தோட்டத்துப் பக்கம் ஒரு திண்ணை எழுப்பிக் கொடுக்கிறேன்" என்றார். தோற்றார் என்றும் சொல்ல முடியவில்லை.

கருங்கல்லுக்குச் சொல்லிவிட்டேன். கெட்டித் துண்டுகளைப் பொறுக்கினால் முக்கால் லோடுகூடத் தேறவில்லை. அவற்றை மழைநீர் ஓடையின் கரைக்கு அடுக்கப் போகிறோம். மேடைக்குக் கிரானைட், அலமாரிக்குக் கடப்பா. வில்லியனூர் அக்காவின் மேடைக் கதையை வீட்டில் படித்துக் காட்டியதும் விவாதம் முடிந்துவிட்டது.

கெடிலக்கரை
சனி, மாலை 6.20

நல்ல முடிவு. ஒரு வேலை மட்டும் பாக்கி. கடைக்கால் குழியின் அடியிலும் அந்த வெளிறிய பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காமல் பொறியாளரை வைத்துப் பார்த்து, உடனே அடிக் காங்கிரீட் போட்டு மூடிவிடுங்கள். குழியைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல நாள் பார்க்காதீர்கள்.

கிளிஞ்சல்சுண்ணாம்பு
சனி, இரவு 7.05

திண்ணைக்காவது என் பேச்சைக் கேளுங்கள் தம்பி. ஆரோவில்லில் இதே செம்மண்ணில் ஐந்து சதவீதம் சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்தி, சுடாத கல் போடுகிறார்கள். மணல் அதிகமான மண்ணுக்குச் சிமென்ட் பிடிக்கும், களி அதிகமானால் சுண்ணாம்பு பிடிக்கும். உங்கள் வாளியில் எது அதிகம்?

கேப்பர்மலைக்காரன்
சனி, இரவு 7.18

அளக்கவில்லையே ஐயா. ஒரு கண்ணாடிப் புட்டியில் கூழைப் போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறேன். மணல் அடியில் இறங்கிவிட்டது. மேலே இன்னும் கலங்கலாகத்தான் இருக்கிறது. தெளிந்ததும் அடிக்கோல் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.